வேளையும் போயிற்று, பங்கும் போயிற்று!

ஓர் இனம் எதை உண்கின்றது என்பது மட்டுமன்று. எப்பொழுது உண்கின்றது, எவரோடு உண்கின்றது, எவர் வகுத்த விலைக்கு உண்கின்றது என்பனவும் அவ்வினத்தின் நிலையைக் காட்டும் அளவுகோல்களாகும். உணவைப் பற்றிய ஆய்வை அடுக்களைப் பேச்சென்று தள்ளிவிடுதல் அறிவுடையோர் செயலன்று. உழைப்பவன் ஒருவனின் நண்பகல் உணவுப் பொதியை அவிழ்த்துப் பார்த்தால், அவன் பெறும் கூலியும், அவனை ஆளும் வணிகமும், அவன் இழந்துவரும் பழக்கமும், அவன் வாயில் புகுந்துவிட்ட அயற்சொல்லும் அதனுள் ஒருங்கே கிடக்கக் காணலாம். இன்றைய இங்கிலாந்து இதற்குத் தக்கதொரு சான்று.

அந்நாட்டுப் பேரங்காடிகளில் "மீல் டீல்" என்னும் பெயரால் ஒரு விற்பனைமுறை நெடுநாளாக நடைபெற்று வருகின்றது. உரொட்டித் துண்டுகள் இரண்டின் நடுவே இறைச்சியோ முட்டையோ பாலடையோ வைத்து மூடிய சாண்டுவிச்சு ஒன்று. உருளைக்கிழங்கு வறுவல் போன்ற நொறுக்குத்தீனி ஒன்று. புட்டியில் அடைத்த பருகுபொருள் ஒன்று. இம்மூன்றையும் சேர்த்து எடுத்தால் ஒரே விலை. தமிழில் இதனை முக்கூட்டுணவு எனலாம். அலுவலகப் பணியாளர், கட்டடத் தொழிலாளர், மாணவர், வண்டியோட்டிகள், கடைச் சிப்பந்திகள் என அந்நாட்டில் வேலைநாளின் நண்பகலில் இதனைக் கையிலேந்தாத வகுப்பார் இலர் என்று சொல்லும் அளவிற்கு இது பரவியுள்ளது.

இதன் விலை அண்மை ஆண்டுகளில் படிப்படியாக ஏறியுள்ளது. ஏறிய விலைக்கு இவ்வுணவு தகுமா என்னும் வினா அந்நாட்டு மக்களிடையே எழுந்துள்ளது. தமிழர்க்கு இஃது அயலான் வீட்டு வழக்கன்று. 1983-ஆம் ஆண்டின் இனப்படுகொலைக்குப் பின்னர் ஈழத்தினின்று பல்லாயிரவராகப் பெயர்ந்து சென்று, தூட்டிங், வெம்பிளி, குரொய்டன் முதலிய இலண்டன் பகுதிகளில் வேரூன்றியவர்கள் தமிழர்கள். அவர்களின் மக்களும் மக்களின் மக்களும் இன்று அதே குளிர்ப்பேழை அடுக்குகளின் முன் நண்பகலில் வரிசையில் நிற்கின்றனர். ஆகவே இவ்வினாவிற்கு விடை காணுதல் தமிழர்க்கும் கடமையாகின்றது.

விலை ஏறிய வகை

அடைத்து விற்கும் சாண்டுவிச்சு அந்நாட்டிலும் பழைய பொருளன்று. மார்க்சு அண்டு சுபென்சர் என்னும் நிறுவனம் 1980-ஆம் ஆண்டிலேதான் அதனைத் தன் கடைகளில் அடைத்து வைத்து விற்கத் தொடங்கியது. அன்று அதன் விலை 43 பென்சு. அதற்கு முன்னர் உரொட்டியை வீட்டிலே அறுத்துத் தாளிலே சுற்றி எடுத்துச் செல்வதே அந்நாட்டு உழைப்பாளர் வழக்கமாக இருந்தது. வீட்டில் எவரும் செய்யக்கூடிய எளிய உணவைக் கடையில் விலை கொடுத்து வாங்குவார் உளரோ என்று ஐயுற்ற காலம் அது. வாங்குவார் பெருகினர், பொருள் பெருகியது, பின்னர் ஒன்றோடு மற்றிரண்டைக் கோத்து முக்கூட்டாக்கும் உத்தியும் பிறந்தது.

அந்நாட்டின் மிகப் பெரிய பேரங்காடியான டெசுகோ, தன் முக்கூட்டுணவைப் பத்தாண்டுக் காலம் 3 பவுண்டுக்கே விற்று வந்தது. 2022 பிப்பிரவரியில், அக்கடையின் உறுப்பினர் அட்டை இல்லாதார்க்கு மட்டும் விலை 3.50 பவுண்டாயிற்று. அதே ஆண்டு அக்டோபரில் அட்டையுடையார்க்கு 3.40, அட்டையில்லார்க்கு 3.90. 2024 ஆகத்தில் முறையே 3.60, 4.00. 2025 ஆகத்தில் முறையே 3.85, 4.25. பிற பேரங்காடிகளும் தத்தம் அளவில் இவ்வழியே சென்றன. மூன்றரை ஆண்டுக்குள் அட்டையுடையான் விலை 28 விழுக்காட்டுக்கு மேல் ஏறியது. அட்டையில்லான் விலையோ ஏறத்தாழ 42 விழுக்காடு ஏறியது.

இதற்குக் கரணியம் இல்லாமலில்லை. 2023 மார்ச்சில் அந்நாட்டின் உணவுப்பொருள் விலை, முந்தைய ஆண்டின் அதே திங்களைவிட 19 விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்திருந்தது. தொழில் தருவோர் செலுத்தவேண்டிய நாட்டுக் காப்பீட்டு வரி 2025 ஏப்பிரலில் 13.8 விழுக்காட்டினின்று 15 விழுக்காடாக உயர்த்தப்பெற்றது. குறைந்த அளவுக் கூலியும் உயர்ந்தது. இவற்றையெல்லாம் வணிகர் எடுத்துக்காட்டுவர். ஆயினும் அதே டெசுகோ 2024-25 கணக்காண்டில் 300 கோடிப் பவுண்டுக்கு மேல் தொழில் ஊதியம் ஈட்டியதென்பதையும் உடன்வைத்துப் பார்த்தல் வேண்டும். சுமை ஏறியது உண்மை. அச்சுமை எவர் தோளுக்கு மாற்றப்பெற்றது என்பதும் உண்மை.

கூலிக் கணக்கு சொல்வது

விலை ஏற்றத்தைப் பழிப்பதோடு நின்றுவிடுதல் நேர்மையாகாது. ஒரு பொருளின் உண்மை விலையை உழைப்பாலும் அளந்து பார்த்தல் வேண்டும். 2012 அக்டோபரில் அந்நாட்டின் குறைந்த அளவுக் கூலி, வளர்ந்தோர்க்கு மணிக்கு 6.19 பவுண்டு. அன்று 3 பவுண்டு ஈட்ட 29 நிமையம் உழைக்கவேண்டும். 2025 ஏப்பிரலில் 21 அகவை நிரம்பியோர்க்குரிய கூலி மணிக்கு 12.21 பவுண்டு. அக்கூலியில் 3.85 பவுண்டு ஈட்ட 19 நிமையம் போதும். உழைப்பால் அளந்தால் முக்கூட்டுணவு மலிந்துள்ளதேயன்றி ஏறவில்லை!

அங்ஙனமாயின் மக்கள் ஏன் முணுமுணுக்கின்றனர்? கூலி ஏறிய வேகத்தை வீட்டு வாடகையும் விளக்கு, கணப்பு முதலியவற்றின் செலவும் போக்குவரத்துக் கட்டணமும் விழுங்கிவிட்டன. கையில் எஞ்சும் காசினின்றே நண்பகல் உணவு வாங்கப்பெறுகின்றது. அவ்வெச்சம் சுருங்கியோர்க்கு 85 பென்சு ஏற்றமும் பெரிதே. ஆண்டில் 230 வேலைநாள் எனக் கொண்டால், நாளொன்றுக்கு 3 பவுண்டு வீதம் 690 பவுண்டு செலவாகும். 3.85 வீதம் அது 885 பவுண்டு 50 பென்சு. அட்டையில்லாதான் 4.25 வீதம் 977 பவுண்டு 50 பென்சு இறைப்பான். நாள்தோறும் சில்லறையாகக் கசிவது ஆண்டின் முடிவில் ஆயிரத்தை எட்டுகின்றது. கசிவு சிறிதாக இருப்பதனாலேயே கண்ணுக்குப் படுவதில்லை.

மூன்றாவது பொருளின் சூழ்ச்சி

முக்கூட்டுணவின் மலிவு எதனோடு ஒப்பிட்டுச் சொல்லப்படுகின்றது என்பதே முகாமையான வினா. சாண்டுவிச்சு 3 பவுண்டு, பருகுபொருள் 1.75, வறுவல் 1.25 என்று தனித்தனி விலை இருப்பதாக வைத்துக்கொள்க. கூட்டினால் 6 பவுண்டு. முக்கூட்டாக எடுத்தால் 3.85. "இரண்டே கால் பவுண்டுக்கு அணித்தாக மிச்சம்" என்று வாங்குவோன் மகிழ்வான். ஆனால் அத்தனி விலைகளை வகுத்தவர் எவர்? கூட்டு விலையை வகுத்தவரே தனி விலையையும் வகுத்தார். தனி விலையை எவ்வளவு உயர்த்துகின்றனரோ அவ்வளவு கூட்டு விலை மலிவாகத் தோன்றும்.

மேலும், பசித்து வந்தவனுக்குத் தேவைப்பட்டது சாண்டுவிச்சு ஒன்றே என்று கொள்க. அதற்கு 3 பவுண்டு. இன்னும் 85 பென்சு தந்தால் வறுவலும் இன்னீரும் உடன் கிடைக்கும். கடைக்குழாயில் நீர் பருகி 3 பவுண்டோடு வெளியேறுவதை ஏமாளித்தனம் என்று அவன் உள்ளமே அவனுக்குச் சொல்லத் தொடங்கும். வேண்டாத இரண்டை வாங்கினான், செலவைக் கூட்டினான், மிச்சம்பிடித்ததாக எண்ணிக்கொண்டான். இதுவே மூன்றாவது பொருளின் சூழ்ச்சி. மூன்றும் மெய்யாகவே தேவைப்படும் ஒருவனுக்கு முக்கூட்டு மலிவுதான், அதை மறுப்பதற்கில்லை. ஒன்றே தேவைப்படுவோனுக்கு அது செலவு. அடுக்கிலே உள்ளவற்றுள் விலை மிகுந்ததையே தேடி எடுத்தால்தான் மிச்சம் மிகும் என்று கருதித் தன் நாக்கின் விருப்பையும் உடலின் தேவையையும் மறந்து விலைச்சீட்டைத் தின்போரும் உளர்.

திருக்குறளின் "மருந்து" என்னும் அதிகாரத்தில் பெரும்பகுதி, மருந்தைப் பற்றியதன்று. உணவின் அளவைப் பற்றியது என்பதைத் தமிழர் அறிவர். பசியின் அளவே உணவின் அளவு என்பது தமிழறம். கட்டின் அளவே உணவின் அளவு என்பது பேரங்காடியறம். இங்கிலாந்து அரசு 2025 அக்டோபர் முதல், கொழுப்பும் இனிப்பும் உப்பும் மிகுந்த உணவுகளை "ஒன்றுக்கு ஒன்று விலையிலி" என்றாற்போல் தொகை கூட்டி விற்பதைத் தடுத்தது. ஆனால் முக்கூட்டுணவோ ஒருவர்க்கு ஒருவேளை உணவு என்னும் பெயரால் அத்தடையின் கண்ணியினின்று நழுவிவிட்டது!

அட்டையின் விலை

அட்டையுடையான் விலைக்கும் அட்டையில்லான் விலைக்கும் உள்ள 40 பென்சு வேறுபாடு எதற்கு? டெசுகோ தன் அட்டையை 1995-இல் கொண்டுவந்தது. அட்டையைக் காட்டும் ஒவ்வொரு முறையும், இன்னார், இந்நாள், இவ்விடத்தில், இன்னவற்றை வாங்கினார் என்னும் செய்தி கடையின் கணக்கில் ஏறுகின்றது. அச்செய்தித் திரள் பொருளாக்குவோர்க்கும் விளம்பரஞ் செய்வோர்க்கும் பெருமதிப்புடையது. ஆகவே அட்டையுடையான் 3.85 பவுண்டோடு தன் பழக்கத்தையும் சேர்த்துக் கொடுக்கின்றான். அட்டையில்லான் 40 பென்சு தண்டமாகக் கொடுக்கின்றான்.

அந்நாட்டின் போட்டி, சந்தை கண்காணிப்பு ஆணையம் ஏறத்தாழ 50,000 பொருள்களின் அட்டை விலையை ஆராய்ந்து, அவற்றுள் 92 விழுக்காடு மெய்யான குறைவே என்று 2024 நவம்பரில் அறிவித்தது. பொய்விலை காட்டி ஏமாற்றுகின்றனர் என்று பொத்தம்பொதுவாகக் குற்றஞ்சாற்ற இதனால் இடமில்லை. ஆனால் அவ்வாய்வு அட்டைவிலையை வழக்கமான விலையோடு ஒப்பிட்டது. அப்பொருள் வாங்குவோனுக்குத் தேவைதானா என்பதை எவ்வாணையமும் ஆராய்ந்து சொல்ல இயலாது.

இதனினும் கொடியது இளையோர்க்கு நேர்ந்தது. டெசுகோவின் அட்டை 2025 வரை 18 அகவை நிரம்பாதார்க்கு வழங்கப்பெறவில்லை. 16, 17 அகவையினர்க்கு 2025-இல் குறைந்த அளவுக் கூலி மணிக்கு 7.55 பவுண்டு. தமக்கென அட்டையில்லாத அவ்விளைஞர் 4.25 பவுண்டு ஈட்ட ஏறத்தாழ 34 நிமையம் உழைக்கவேண்டியிருந்தது. கூலி மிகக் குறைந்தவனுக்கே விலை மிகக் கூடுதல்! பேரங்காடியின் முறைமை அதுவாக இருந்தது.

இரு சொற்களின் வரலாறு

"மீல்" என்னும் ஆங்கிலச் சொல் பழைய ஆங்கிலத்தில் அளவையும் குறித்த பொழுதையும் உணர்த்தியது. பின்னரே அப்பொழுதில் உண்ணும் உணவைக் குறித்தது. தமிழிலும் "ஒருவேளைச் சோறு" என்கின்றனர். பொழுதும் உணவும் ஒன்றையொன்று தழுவி நிற்கின்றன. "டீல்" என்னும் சொல்லோ முதற்கண் பங்கு, பகுதி என்றே பொருள்பட்டது. பகுத்துக் கொடுத்தல் என்னும் பொருள் அதனின்று கிளைத்தது. வணிகப் பேரம் என்பது பிற்காலத்துப் பொருள்.

ஆக, ஆங்கிலேயரின் முன்னோர்க்கு இவ்விரு சொற்களும் வேளை, பங்கு என்பனவே. வேளையறிந்து உண்ணலும் பகுத்து உண்ணலும் எல்லா மாந்தரினத்தார்க்கும் பொதுவான பண்பாடு. ஆயின் இன்று அவ்விரு சொற்களும் இணைந்து நிற்கும் "மீல் டீல்" என்னும் பொதியுள் வேளையும் இல்லை, பங்கும் இல்லை. சொல்லின் உயிரை உறிஞ்சிவிட்டுக் கூட்டை மட்டும் விலைச்சீட்டில் ஒட்டிவிட்டது வணிகம். தமிழுக்கு மட்டுமன்று, ஆங்கிலத்திற்கும் பகை இவ்வணிகமே என்பதை ஆங்கிலப் பற்றாளரும் உணர்தல் நன்று.

வேளை போனது எவ்வாறு?

18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சாண்டுவிச்சுக் கோமகன் ஒருவர், சூதாட்ட மேசையை விட்டெழ மனமின்றி உரொட்டியின் நடுவே இறைச்சி வைத்துக் கொணரச் செய்தார் என்பது வழக்குக்கதை. அலுவல் மேசையை விட்டெழ நேரமின்றியே அவ்வாறு செய்தார் என்பாரும் உளர். எக்கதை மெய்யாயினும், மேசையை விட்டெழாமைக்கென்றே அமைந்த உணவு அது. கோமகன் தன் விருப்பால் எழாதிருந்தார். இன்றைய பணியாளன் எழ இயலாமல் இருக்கின்றான். ஒரு கையில் உரொட்டி, மறுகை பொறியின் விசைப்பலகையில். இதுவே அவன் நண்பகல்.

அந்நாட்டின் 1998-ஆம் ஆண்டு வேலைநேர விதிகள், ஆறு மணிநேரத்திற்கு மேல் வேலை செய்வோனுக்கு 20 நிமைய இடைவேளை உண்டென்கின்றன. அவ்விடைவேளைக்குக் கூலி கொடுக்கவேண்டும் என்னும் கட்டாயமில்லை. இப்போது இரு கணக்குகளையும் அருகருகே வைத்துப் பார்க்க. 2025-ஆம் ஆண்டுக் கணக்கில், குறைந்த அளவுக் கூலி பெறுவோன் 19 நிமையம் உழைத்து முக்கூட்டுணவை வாங்குகின்றான். அதனைக் கூலியில்லாத 20 நிமையத்தில் வரிசையில் நின்று, பணம் செலுத்தி, பிரித்து, விழுங்கி முடிக்கின்றான். உண்ணும் பொழுதும் அவனுடையதன்று; உண்பதற்காக உழைத்த பொழுதும் அவனுடையதன்று.

முக்கூட்டுணவு இத்தனை பரவியதற்கு மெய்யான கரணியம் அதன் மலிவன்று, இடைவேளையின் குறுக்கமே. ஒரு மணிநேரம் அமர்ந்து சூடாக உண்ணும் வாய்ப்புடையோன் குளிர்ந்த உரொட்டியைத் தேடி ஓடான். பேரங்காடி விற்பது உணவையன்று, முதலாளி பறித்துக்கொண்ட நேரத்தின் ஈட்டையே. எனவே விலை 50 பென்சு குறைந்தாலும் இச்சிக்கல் தீராது.

பங்கு போனது எவ்வாறு?

ஒருவர்க்கென்றே அளந்து அடைத்த பொதியைப் பகிர இயலாது. பத்துப் பேர் அமர்ந்துள்ள அறையில் பத்துப் பொதிகள் பிரிக்கப்பெறும்; ஒரு கையும் மற்றொரு பொதிக்குள் செல்லாது. தமிழன் நால்வர் கட்டுச்சோற்றை அவிழ்த்தால், ஒருவன் துவையல் நால்வர்க்கும் உரியது. ஒருவன் ஊறுகாய் நால்வர் விரலிலும் மணக்கும். உணவு அங்கே உறவை வளர்க்கின்றது. முக்கூட்டுணவில் உறவுக்கு இடமில்லை.

ஆக்கியோனும் அங்கே காணப்படுவதில்லை. விடியற்காலையில் கடையில் அடுக்கப்பெறும் சாண்டுவிச்சுகள், நகரங்களினின்று தொலைவிலுள்ள பெருந்தொழிற்சாலைகளில் இரவெல்லாம் குளிரறைகளில் நின்று உழைப்போர் கைகளால் அடுக்கப்பெற்றவை. அவருள் அயல்நாட்டினின்று பிழைப்புத் தேடி வந்தோர் பலர். 2014-ஆம் ஆண்டில் நார்தாம்ப்டன் நகரத்துத் தொழிற்சாலைக்கு அங்கேரி நாட்டிலே ஆள் தேடப்பட்ட செய்தி வெளிவந்தபோது, உரொட்டியை அடுக்கவும் இந்நாட்டில் ஆளில்லையா என்று ஆங்கில நாளிதழ் ஒன்று தலைப்பிட்டு வினவியது. இரவில் குளிரில் நிற்கும் அத்தகைய வேலைக்கு ஏன் ஆளில்லை என்று அது வினவியிருக்கலாம்!

ஓரிடத்தில் திரட்டிச் செய்து நாடெங்கும் அனுப்பும் முறையில் மற்றொரு கேடும் உண்டு. ஓரிடத்துப் பழுது நாடெங்கும் பரவும். 2024 சூனில், சாண்டுவிச்சுகளில் வைக்கப்பெற்ற இலைக்கீரை வழியாகக் குடலைத் தாக்கும் நுண்ணுயிரி பரவியதென ஐயுற்றுப் பல்வகைப் பொதிகளைக் கடைகளினின்று திரும்பப் பெற்றனர். வீட்டடுக்களையில் பழுது நேர்ந்தால் ஒரு வீடு நோகும்; அங்கே நாடே நோகும்.

தமிழன் கட்டுச்சோறு

வழிநடை உணவுக்குத் தமிழில் பெயரில்லாமலில்லை. பழமொழி நானூற்றில் "ஆற்றுணா" என்னும் சொல் ஆளப்பெற்றுள்ளது. ஆறு என்பது வழி. உணா என்பது உணவு. வழிக்குரிய உணவு ஆற்றுணா. மக்கள் வழக்கில் அது கட்டுச்சோறு. இலையிலும் துணியிலும் பொதிந்தமையால் பொதிசோறு. புளிச்சோறு, எள்ளுச்சோறு, தயிர்ச்சோறு என்று, கெடாமல் நிற்கும் வகையறிந்து ஆக்கிய அறிவு அதிலே உண்டு. தொழிற்சாலைக் குளிர்ப்பேழை இல்லாமலே ஒரு பகல் முழுதும் கெடாதிருக்கப் புளியையும் நல்லெண்ணெயையும் உப்பையும் அளவறிந்து கூட்டிய அறிவு அது.

இவ்வுணவை இன்று இலண்டன் தமிழ்ப் பிள்ளைகள் பள்ளிக்கும் பணிமனைக்கும் எடுத்துச் செல்லத் தயங்குகின்றனர். குழம்பின் மணத்தை உடன் பயில்வோர் எள்ளுவர் என்னும் நாணமே அதற்குக் கரணியம். பொதியைத் திறக்க நாணிய பிள்ளை நாளடைவில் அப்பொதியின் பெயரைச் சொல்லவும் நாணும். "சோறு" என்பதை விட்டு "ரைசு" என்னும். "குழம்பு" என்பதை விட்டுக் "கறி" என்று ஆங்கிலன் சொல்லும் பொருளிலே சொல்லும். தமிழ்ச்சொல்லான கறியே ஆங்கிலத்துட் புகுந்து பொருள் திரிந்து தமிழன் பிள்ளையின் வாய்க்கே திரும்பி வருகின்றது! இத்திரிபை அப்பிள்ளையின் குற்றமென்று தள்ளுதல் முறையன்று. தமிழகத்திலேயே சோறு என்று சொல்ல நாணிச் "சாதம்" என்போரும், அளவுச் சாப்பாட்டை "மினி மீல்சு" என்று எழுதிவைக்கும் உண்டிச்சாலையாரும் மலிந்துள்ளபோது, கடல் கடந்த பிள்ளையை மட்டும் கடிந்து பயனென்ன? தாய்நிலத்தார் முதலில் திருந்துதல் வேண்டும்.

இங்கே மற்றொன்றும் சொல்லவேண்டும். கட்டுச்சோற்றைப் போற்றுவதாகச் சொல்லி விடியற்காலையில் அடுப்படியில் நிற்கும் சுமை முழுவதையும் தாயின் தலையிலோ மனைவியின் தலையிலோ ஏற்றுவார் உளர். அவளும் வேலைக்குச் செல்பவள். அவளுக்கும் 20 நிமைய இடைவேளைதான். பெண்ணின் உறக்கத்தை விலையாகக் கொடுத்து வாங்கும் மிச்சம் மிச்சமாகாது. ஆணும் பெண்ணும் வளர்ந்த மக்களும் முறைவைத்து ஆக்குக. முந்தைய மாலையிலேயே ஆக்கிப் பகுத்து வைக்க. அடுக்களையிலே பங்கு இல்லாத வீட்டில் உணவிலும் பங்கு இராது.

தகுமா, தகாதா?

இனி, முதல் வினாவிற்கு விடை. வழியில் பசித்தவனுக்கும், சமைக்க இடமின்றி ஒற்றையறையில் தங்கிய மாணவனுக்கும், மூன்று பொருளும் மெய்யாகவே வேண்டியிருந்தவனுக்கும் முக்கூட்டுணவு ஏறிய விலையிலும் தகும். அத்தகையோரைப் பழித்தல் அறமன்று. ஆனால் ஆண்டு முழுதும் நாள்தோறும் அதனையே நண்பகல் உணவாக்கிக்கொள்வோனுக்கு அது பழைய 3 பவுண்டிலும் தகவில்லை. இன்றைய விலையிலும் தகாது. வீட்டில் ஆக்கிய பொதிசோற்றுக்கு நாளொன்றுக்கு ஒன்றரைப் பவுண்டு ஆவதாகக் கொண்டாலும் 230 நாளைக்கு 345 பவுண்டே. 885 பவுண்டுக்கும் அதற்கும் இடையே 540 பவுண்டு நிற்கின்றது. ஒரு பிள்ளையின் தமிழ்ப் பொத்தகங்களுக்கும் தமிழ்ப்பள்ளிக் கட்டணத்திற்கும் உதவக்கூடிய தொகையை வறுவலுக்கும் இன்னீருக்கும் கொட்டுவது அறிவாகுமா?

இலண்டன் தமிழர் கடைகளும் உண்டிச்சாலைகளும் இதில் செய்யத்தக்கது ஒன்றுண்டு. பேரங்காடியைப் பார்த்து "டீல்", "காம்போ" என்று தாமும் பலகை எழுதுவதை விடுத்து, "பொதிசோறு" என்று தமிழிலும் அதன் ஒலிப்பை ஆங்கில எழுத்திலும் எழுதி, அளவறிந்து, நேரிய விலைக்கு, அட்டை கேளாமல் விற்கலாம். இத்தாலியரின் "பிசா" என்னும் பெயரை ஆங்கிலேயர் மாற்றாமல் ஏற்றுக்கொண்டனர். சப்பானியரின் "சுசி" அப்பெயராலேயே பேரங்காடி அடுக்கில் இருக்கின்றது. தமிழன் மட்டுமே தன் உணவின் பெயரைத் தானே மொழிபெயர்த்துத் தொலைத்துவிட்டு விற்கின்றான். விற்பவன் நாணாவிட்டால் வாங்குபவன் நாணான்.

தொழிலாளர் அமைப்புகள் செய்யத்தக்கதும் உண்டு. விலையைப் பற்றி மட்டும் முறையிடுவது வணிகன் வகுத்த களத்தில் நின்று வழக்காடுவதாகும். 20 நிமையம் என்னும் அவ்விடைவேளையை நீட்டவும், அதற்குக் கூலி பெறவும், அமர்ந்துண்ண இடமும் உணவைச் சூடாக்க அடுப்பும் பெறவும் போராடுதலே மெய்யான போராட்டம். வேளை கிடைத்தால் பங்கு தானே வரும். மேசையை விட்டெழுந்த பத்துப் பேர் ஓரிடத்தில் அமர்ந்தால், பத்துப் பொதிகளும் பத்துப் பேர்க்கும் திறக்கும்.

தமிழர்கள் பேரங்காடியின் விலைச்சீட்டை மட்டும் பார்த்து மலிவு என்றோ உயர்வு என்றோ முடிவு கட்டற்க. தம் பொழுதையும் பழக்கத்தையும் பிள்ளைகளின் நாவிலுள்ள சொல்லையும் சேர்த்துக் கணக்கிடுக. அவற்றையெல்லாம் கூட்டினால் 3 பவுண்டு 85 பென்சு என்பது எத்துணைப் பெருந்தொகை என்பது விளங்கும்.

சோற்றைச் சோறென்று சொல்லுக! வேளையோடு உண்க! பகுத்து உண்க!